மூன்றாவது பாட்டு

கும்மிடிப்பூண்டி
14.11.2024

அன்புள்ள தம்பி பார்த்திபனுக்கு அக்கா அருணா எழுதுவது. நானும் ஜோதியும் இருக்கிறோம். ஓசூர் குளிர் உனக்கு ஒத்துக்கொள்கிறதா, மெஸ் சாப்பாடு வயிற்றுக்கு ஆகிறதா என்று எழுது.

இந்தக் காலத்தில் கடிதமா என்று நினைப்பாய். என் போனை மில்காரர்கள் விசாரணைக்கு என்று வாங்கிப் போய்விட்டார்கள். பக்கத்து வீட்டு கன்னியம்மா தன்னிடம் இருக்கும் பழைய போனைத் தருகிறேன் என்றாள். வேண்டாம் என்றேன். போனைத் தொடவே கை கூசுகிறது. காரணம் சொல்கிறேன்.

நேற்று மில்லிலிருந்து எச்.ஆர். ஆதிகேசவன் வந்தார். மாமா படத்துக்கு முன்னால் செருப்போடு நின்றார். விசாரணை முடிந்துவிட்டதாம். அன்றைக்கு கன்ட்ரோல் ரூம் கம்ப்யூட்டர் எல்லாம் பூட்டிக்கொண்டு, இரும்பு உலையைக் குளிர வைக்கும் தண்ணீரின் சூட்டைக் காட்டும் திரை அணைந்துபோனது அல்லவா? திரை அணையாமல் இருந்தால் உன் மாமா உலை பக்கத்திலிருந்து விலகியிருப்பார். அந்த வைரஸ் எப்படி உள்ளே வந்தது என்று கண்டுபிடித்துவிட்டார்களாம்.

"ஆயுத பூஜை அன்னிக்கு உங்க ஊட்டுக்காரரு பென்டிரைவ் சொருகி பாட்டு போட்டாரும்மா. கேமராவுல தெளிவா கீது. அதுலதான் வைரஸ் வந்துச்சு. கம்பெனி மேல தப்பு இல்ல" என்றார்.

சொருகியது உண்மைதான். பூஜைக்கு அம்மன் பாட்டு வேண்டும் என்று கேட்டார். என் போனிலிருந்து பன்னிரண்டு பாட்டை ஏற்றிக் கொடுத்தவள் நான். மூன்றாவது பாட்டு அவரே பாடியது. ஆடி மாதம் கூழ் ஊற்றியபோது நீதான் போனில் பதிவு செய்து எனக்கு அனுப்பினாய்.

பார்த்தி, நீ அந்த மில்லிலேயே நெட்வொர்க் பார்த்தவன். உன்னைத் தவிர எனக்குக் கேட்க ஆளில்லை. பாட்டோடு வைரஸ் போயிருக்குமா? நான்தான் அவரைக் கொன்றேனா?

நாளை மறுநாள் முப்பதாம் நாள் காரியம். புது இடத்தில் உனக்கு லீவு கிடைக்காது என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். பதில் போடு.

உன் அக்கா
அருணா

*

ஓசூர்
25.11.2024

அன்புள்ள அக்காவுக்கு வணக்கம். நான் நன்றாக இருக்கிறேன். ஒரு ரூமில் ஆறு பேர். குளிருக்குப் போர்வை வாங்கிவிட்டேன். நீ வேளைக்குச் சாப்பிடு. ஜோதியைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பு.

அந்த ஆதிகேசவன் அடுத்த முறை வந்தால் செருப்பைக் கழற்றிவிட்டு வரச் சொல். கம்பெனி மேல் தப்பு இல்லையா? கம்ப்யூட்டர் பூட்டிக்கொண்டது மதியம் மூணே முக்காலுக்கு. உலை வெடித்தது அஞ்சரைக்கு. நடுவில் இருந்த நேரத்தில் உலையை நிறுத்தச் சொல்லி யார் சொன்னார்கள்? ஒருவரும் சொல்லவில்லை. கன்டெய்னர் துறைமுகத்துக்குப் போக வேண்டும், கையாலேயே ஓட்டு என்றார்கள். அபாயச் சங்கும் அதே கம்ப்யூட்டரில்தான் ஓடியது. கண்ணையும் காதையும் கட்டி ஒரு மனிதனை ஆயிரத்தைந்நூறு டிகிரி இரும்புக்கு முன்னால் நிறுத்தினார்கள். அவன் செத்ததும் அவன் பாக்கெட்டில் என்ன இருந்தது என்று தேடுகிறார்கள். இதுதான் அவர்கள் விசாரணை.

கெஸ்ட் ஹவுஸில் புல் வளர்க்கத் தனி மோட்டார் போட்டவர்கள், சங்குக்குத் தனியாக ஒரு வயர் இழுக்கவில்லை. செத்தவனுக்கு வாய் இல்லை, அதனால் அவன் மேல் போடுகிறார்கள். நீ அவர்கள் சொல்வதைக் காதில் வாங்காதே. பாட்டைப் பற்றியெல்லாம் யோசிக்காதே.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

உன் தம்பி
பார்த்திபன்

*

கும்மிடிப்பூண்டி
9.12.2024

தம்பிக்கு அக்கா எழுதுவது. மழை விட்டு நாலு நாள் ஆகியும் தெருவில் தண்ணீர் நிற்கிறது. ஜோதிக்குச் சளி, காய்ச்சல் இல்லை. உனக்குச் சளி பிடித்தால் வெந்நீர் குடி.

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். எல்லோரையும் திட்டியிருக்கிறாய். திட்ட வேண்டியவர்கள்தான். ஆனால் நான் கேட்டதற்குப் பதில் இல்லை. யோசிக்காதே என்றால் இல்லை என்று அர்த்தமா, ஆமாம் என்று அர்த்தமா?

நானே உட்கார்ந்து யோசித்தேன். மில்லுக்குள் இன்டர்நெட் நுழையும் இடத்தில் ஒரு ஃபயர்வால் பெட்டி இருக்கிறது, அதில் ஓட்டை இருக்கிறது, திருடன் வருவான் என்று ஜூன் மாதத்திலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாய். மாமா கிண்டல் செய்வார். "இன்னா மச்சான், உன் பொட்டிக்கு ஊசி போட்டியா இல்லியா? அது இருமிக்கினே கீதாம்." வருடத்தில் ஆயுத பூஜை அன்று ஒரு நாள்தான் மில்லை நிறுத்துவார்கள், அன்றைக்குத்தான் பெட்டியை அணைத்துச் சரிசெய்ய முடியும் என்றாய். பூஜை அன்று மதியம் ஒரு மணிக்கெல்லாம் மாமாவோடு வீட்டுக்கு வந்துவிட்டாய். ஐந்து வடை தின்றாய்.

அப்படியானால் பெட்டியைச் சரிசெய்துவிட்டாய், இல்லையா? அந்த வழி அடைபட்டுவிட்டது என்றால் மிச்சம் இருக்கும் வழி பென்டிரைவ் ஒன்றுதானே?

ஒரே வரியில் எழுது போதும். எதுவாக இருந்தாலும் தாங்கிக்கொள்வேன்.

அக்கா
அருணா

*

ஓசூர்
28.12.2024

அக்காவுக்கு வணக்கம். இங்கே நலம். ஜோதியின் சளி விட்டதா? வேலை அதிகம், அதனால் பதில் தாமதம்.

பெட்டியைப் பற்றிக் கேட்டிருந்தாய். லைன் போகிறதா என்று பார்க்க அதன் திரையில் எழுதும் கட்டம் ஒன்று உண்டு. அதில் ஒரு முகவரியை அடித்தால், பெட்டி அந்த முகவரியைக் கூப்பிட்டுப் பார்க்கும். முகவரிக்குப் பின்னால் ஒரு கட்டளையையும் சேர்த்து எழுதினால், அதையும் பெட்டி செய்துவிடும். எழுதியது யார் என்று கேட்காது. கேட்டில் வாட்ச்மேன், "யாரைப் பாக்கணும்?" என்று கேட்கிறான். வந்தவன், "மேனேஜரைப் பாக்கணும், அப்படியே சாவிக்கொத்தையும் குடு" என்கிறான். வாட்ச்மேன் கொடுத்துவிடுகிறான். அந்த மாதிரி ஓட்டை அது. பெட்டி செய்த கம்பெனியே ஜூனில் ஒப்புக்கொண்டு, அடைக்கும் மருந்தும் அனுப்பியது. பெட்டியை ஒரு மணி நேரம் அணைக்க அனுமதி கேட்டு மில்லுக்கு நாலு மெயில் போட்டேன். நாலுக்கும் ஒரே பதில், உற்பத்தி நிற்கக் கூடாது.

பூஜை அன்று வேலை முடிந்ததாக ரிப்போர்ட் இருக்கிறது.

நேரமாகிவிட்டது. உடம்பைப் பார்த்துக்கொள்.

பார்த்திபன்

*

கடம்பத்தூர்
20.1.2025

தம்பிக்கு அக்கா எழுதுவது. மேலே உள்ள ஊரைப் பார்த்திருப்பாய். மில் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். ஜோதியோடு அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன். அம்மாவுக்கு முழங்கால் வலி, மற்றபடி நலம். இந்த வருடம் பொங்கல் வைக்கவில்லை.

நீ எழுதியது புரிந்தது. வாட்ச்மேன் கதை ஜோதிக்கே புரியும். ரிப்போர்ட் இருக்கிறது என்றால் ஓட்டை அடைபட்டுவிட்டது. நேராகச் சொல்ல மனம் வராமல் சுற்றி வளைத்துச் சொல்லியிருக்கிறாய். பரவாயில்லை. நான்தான் என்று தெரிந்துகொண்டேன்.

போன வாரம் ஜோதி தரையில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். அப்பா பாடிய பாட்டை முனகினாள். எனக்கு என்ன ஆனது என்று தெரியவில்லை, வாயிலேயே அடித்துவிட்டேன். உதடு கிழிந்துவிட்டது. "இனிமே பாட மாட்டம்மா" என்று ஆறு வயதுக் குழந்தை என்னைச் சமாதானம் செய்கிறது. அன்றிலிருந்து எதிர்வீட்டு டிவியில் பாட்டு வந்தால் அவளே எழுந்து போய்க் கதவைச் சாத்துகிறாள்.

உன்னிடம் இனி கேட்க ஒன்றும் இல்லை. ஞாயிறு லீவு இருந்தால் எண்ணெய் தேய்த்துக் குளி. ஓசூர் குளிரில் தோல் வெடிக்கும்.

அக்கா
அருணா

*

கடம்பத்தூர்
3.3.2025

பார்த்திக்கு. போன கடிதத்துக்கு உன் பதில் வரவில்லை. உடம்புக்கு ஏதாவதா? அம்மா தினமும் கேட்கிறாள். ஒரு கார்டாவது போடு.

ஆதிகேசவன் இங்கேயும் வந்தார். இந்த முறை செருப்பை வெளியே விட்டார். ஏப்ரல் ஒன்பதாம் தேதி திருவள்ளூரில் தொழிலாளர் துறை அதிகாரி முன் விசாரணை. அதற்கு ஒரு காகிதம் கொண்டுவந்தார். பென்டிரைவ் எங்கள் வீட்டுடையது, அதில் பாட்டு ஏற்றியது நான், விபத்துக்குக் காரணம் என் கணவரின் கவனக்குறைவு என்று எழுதியிருக்கிறது. கையெழுத்துப் போட்டால் கேன்டீனில் எனக்கு வேலையாம்.

யூனியன் மோகன்ராஜ் அண்ணன் சத்தம் போட்டார். "இன்னாம்மா பைத்தியமா நீ? அந்தாளு சாவுக்கு அவன் மேலயே எழுதிக் குடுக்கப் போறியா?"

"உண்மைதானே அண்ணே. என் தம்பியே பெட்டி சரியாயிடுச்சுன்னு எழுதியிருக்கான்" என்றேன். அவர் துண்டை உதறிக்கொண்டு போய்விட்டார்.

கேன்டீன் வேலைக்காக இல்லை, பார்த்தி. செய்ததைச் செய்தேன் என்று ஒரு இடத்தில் எழுதிக் கொடுத்தால் இந்த நெஞ்சுப் பாரம் குறையுமா என்று பார்க்கிறேன். ஒன்பதாம் தேதி கையெழுத்துப் போடப் போகிறேன். உன்னிடம் சொல்லாமல் செய்யக் கூடாது என்று எழுதினேன்.

நல்லா இரு.

அக்கா

*

ஓசூர்
17.3.2025

அக்கா,

கையெழுத்துப் போடாதே. பாட்டில் ஒன்றும் இல்லை. நலம் விசாரிப்பதற்கு முன்னால் இதை எழுதிவிடுகிறேன். இல்லையென்றால் மறுபடியும் எழுதாமல் முடித்துவிடுவேன்.

பெட்டியை நான் சரிசெய்யவில்லை.

பூஜை அன்று காலை ஒன்பதரைக்கு உலை நின்றது. பத்து மணிக்கு சர்வர் ரூமுக்குப் போனேன். பெட்டிக்கு ஏற்கெனவே சந்தனம், குங்குமம் வைத்துச் சாமந்தி சுற்றியிருந்தார்கள். மெயின்டெனன்ஸ் இன்சார்ஜ் கோபால் கற்பூரம் காட்டிக்கொண்டிருந்தார். "பூஜை போட்டாச்சு. நாளிக்கு மறுபூஜை வரிக்கும் எதையும் தொடக் கூடாது, அணைக்கக் கூடாது" என்றார்.

"சார், இன்னிக்கு உட்டா அடுத்த வருசம்தான் சார்."

"ஒரு நாள்ல இன்னாடா பூடும்? நாளிக்குக் காலைல உலை ஏத்தறதுக்கு முன்னாடி வந்து முடிச்சுடு." ஊருக்குக் கிளம்பும் அவசரம் அவருக்கு. ரிப்போர்ட் ஃபாரத்தில் வெறுமனே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். "நீயே ஃபில்லப் பண்ணிக்க."

அப்போது மாமா பொரிப் பொட்டலத்தோடு வந்தார். "இன்னா மச்சான், மூஞ்ச தூக்கி வெச்சுக்கினு கீற? பொட்டியும் மனுசன்தானே, அதுக்கும் ஒரு நாள் லீவு குடு. உங்கக்கா வடை சுட்டுக்கினு குந்தியிருக்கா, வா." நான் வந்தேன். கோபத்தோடு வந்தேன் என்று சொல்ல ஆசை. இல்லை அக்கா, சந்தோஷமாக வந்தேன்.

மறுநாள் காலை அஞ்சரைக்குப் போனேன். நாலு மணிக்கே உலையை ஏற்றிவிட்டிருந்தார்கள். நிறுத்த முடியாது என்றார்கள். என்னை வேலைக்கு வைத்த ஏஜென்சியிலிருந்து ரிப்போர்ட் எங்கே, போட்டோ எடுத்து அனுப்பு என்று போன் மேல் போன். ஃபாரத்தில் கோபாலின் கையெழுத்து தயாராக இருந்தது. 'வேலை முடிந்தது' என்று நான் எழுதினேன். என் கையை யாரும் பிடித்து எழுத வைக்கவில்லை. முடியவில்லை என்று எழுதியிருந்தால் ஏஜென்சியின் சென்னை ஆபீசில் இருப்பவர்கள் அங்கிருந்தபடியே பெட்டியின் அந்தக் கட்டத்தை வெளியே தெரியாமல் மூடியிருப்பார்கள். அவர்களுக்கு அது ஐந்து நிமிட வேலை. முடிந்தது என்றதால் சும்மா இருந்துவிட்டார்கள்.

அக்டோபர் 17, மதியம் இரண்டு ஐம்பத்திரண்டுக்கு எவனோ அந்தக் கட்டத்தில் ஒரு முகவரியும் அதன் பின்னால் ஒரு கட்டளையும் எழுதியிருக்கிறான். பெட்டி செய்துகொடுத்தது. அந்தப் பதிவை இதோடு அச்சடித்து வைத்திருக்கிறேன். ஜூன் முதல் நான் போட்ட நாலு மெயிலும் இருக்கின்றன.

இன்னும் ஒன்று இருக்கிறது. இதை எழுதத்தான் கை வரவில்லை. மாமா போன மூன்றாம் நாள் அந்தப் பென்டிரைவைச் சோதிக்கச் சொல்லி என்னிடம்தான் கொடுத்தார்கள். பன்னிரண்டு பாட்டு, வேறு எதுவும் இல்லை. சுத்தம் என்று வாயால் சொன்னேன். அவர்கள் எழுதிக்கொள்ளவில்லை. ஏன் எழுதவில்லை என்று நான் கேட்கவில்லை. பென்டிரைவ் இல்லையென்றால் அடுத்து பெட்டியைத் தேடுவார்கள் என்று எனக்குத் தெரியும். அடுத்த வாரம் ஓசூருக்கு மாற்றினார்கள். வந்துவிட்டேன்.

ஜோதியின் உதடு ஆறிவிட்டதா?

இந்தக் கடிதத்தை யாரிடம் வேண்டுமானாலும் கொடு. கீழே முழுப் பெயரும் தேதியும் போட்டிருக்கிறேன்.

து. பார்த்திபன்
த/பெ துளசிராமன்
17.3.2025

*

ஓசூர்
2.4.2025

அக்காவுக்கு. நான் அனுப்பிய ரிஜிஸ்தர் தபால் கிடைத்ததா? கிடைத்ததாகத் தபாலாபீசில் சொன்னார்கள். ஒன்பதாம் தேதி நானே வரட்டுமா? வா என்றாலும் வராதே என்றாலும் சரி. ஏதாவது எழுது.

பார்த்தி

*

கடம்பத்தூர்
21.5.2025

பார்த்திபனுக்கு.

அம்மா நலம். ஜோதியின் உதடு ஆறிவிட்டது. தழும்பு இருக்கிறது.

ஒன்பதாம் தேதி திருவள்ளூர் போனேன். ஆதிகேசவன் பேனாவைத் திறந்து நீட்டினார். நான் உன் கடிதத்தை அதிகாரி மேஜை மேல் வைத்தேன். அவர் சத்தமாகப் படித்தார். கோபால் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். மில் வக்கீல் எழுந்து, "பார்த்தீங்களா, இது கான்ட்ராக்ட் பையன் செய்த வேலை, கம்பெனிக்குச் சம்பந்தமே இல்லை" என்றார். காலையில் என் வீட்டுக்காரர் மேல் இருந்த பழி மதியம் உன் மேல் வந்துவிட்டது. அவர்களுக்கு யாராவது ஒருவன் வேண்டும், அவ்வளவுதான். மோகன்ராஜ் அண்ணன் விடவில்லை. நாலு மெயிலையும் எடுத்து வைத்து, "திரை அணைஞ்ச பெறவு உலையை ஓட்டச் சொன்னது யாரு? அதுவும் கான்ட்ராக்ட் பையனா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியோடு வழக்கு நடக்கும்.

இறந்த தொழிலாளி மீது எந்தக் குறையும் இல்லை என்று போன வாரம் தொழிலாளர் துறையில் டைப் அடித்துக் கொடுத்துவிட்டார்கள். அந்த ஒரு வரிக்காக உன்னைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். போலீஸ் உனக்குச் சம்மன் அனுப்பியிருக்கும். ஓடாதே.

பெட்டியைச் சரிசெய்யாததற்கு உன்னை எவ்வளவு கோபித்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. வடை சுட்டுக் கூப்பிட்டவள் நான். கையைப் பிடித்துக் கூட்டிவந்தவர் அவர். அதில் எனக்கும் பங்கு இருக்கிறது. ஆனால் நவம்பரில் நான் கேட்டேன், பார்த்தி. நான்தான் கொன்றேனா என்று கேட்டேன். பாட்டு இல்லை அக்கா என்று எழுத மூன்று சொல். அந்த மூன்று சொல்லும் உன் சட்டைப்பையில் இருந்தன. நாலு மாதம் வைத்திருந்தாய். எண்ணெய் தேய்த்துக் குளி என்று நான் உனக்கு எழுதிக்கொண்டிருந்தேன்.

பென்டிரைவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அம்மா வீட்டு டிவியில் சொருகினேன். ஜோதி கதவைச் சாத்த எழுந்தாள். வேண்டாம், உட்கார் என்றேன். மூன்றாவது பாட்டு வந்தது. பாட்டுக்கு முன்னால் உன் குரல் இருக்கிறது. நான் மறந்தே போயிருந்தேன்.

"பாடு மாமா, ஓடுது."

"இர்றா மச்சான், தொண்டையில கூழு கீது."

இரண்டு பேரும் சிரிக்கிறீர்கள். அப்புறம் அவர் பாடுகிறார். நடுவில் வரி மறந்துபோகிறது, நீ எடுத்துக் கொடுக்கிறாய்.

திருவள்ளூர் ஸ்டேஷன் பக்கத்துக் கடையில் கொண்டுபோய், உன் குரலை மட்டும் வெட்டி எடுக்க முடியுமா என்று கேட்டேன். கடைக்காரர் இரண்டு முறை போட்டுக் கேட்டார். "ரெண்டு பேரும் ஒண்ணாப் பேசிக்கினு கீறாங்கம்மா. இவர வெட்டுனா அவரும் பூடுவாரு" என்றார். அப்படியே வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஜோதி தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் போடச் சொல்கிறாள். போடுகிறேன். மூன்றாவது பாட்டு தொடங்கும்போது நான் கொல்லைப்பக்கம் போய் நிற்கிறேன். அவர் பாடத் தொடங்கியதும் உள்ளே வருகிறேன். நீ வரி எடுத்துக் கொடுக்கும் இடத்தில் மறுபடியும் எழுந்து போகிறேன்.

இனி எழுதாதே.

அருணா